மல்லாந்து பார்த்த மரம்

எனக்குத் தன்னடக்கம் கிடையாது. இயற்கைக் காட்சிகளைப் படம் எடுக்கிறவள் நான். தலையில் ஒரு நரைகூட இல்லாத காலத்திலிருந்து எடுக்கிறேன், நன்றாக எடுக்கிறேன். இதைச் சொல்ல எதற்குக் கூச்சப்பட வேண்டும்? தச்சர் தன் நாற்காலி ஆடாது என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லையே.

மழைக்காலம் வந்தால் கேமரா வைத்திருக்கும் அத்தனை பேரும் மழையை எடுக்கக் கிளம்புவார்கள். நல்ல வெளிச்சம் மழை விட்ட பிறகுதான் வரும். அப்போது எல்லோரும் வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருப்பார்கள். கோடையில் தூசியும் புழுக்கமும் சேர்ந்து தூரத்து மலையைக் கரைத்துவிடும். ஆகவே சூரியன் எழுவதற்கு முன்பே போய், அது முறைக்கத் தொடங்கியதும் மூட்டையைக் கட்டிவிட வேண்டும். பனிக்காலம் யாரை வேண்டுமானாலும் கலைஞனாக்கிவிடும். மூடுபனியில் குப்பைத்தொட்டியை எடுத்தால்கூட நாலு பேர் ‘ஆகா’ என்பார்கள். அதனால் பனியில் எடுத்த படங்களைக் கோடையில் ஒருமுறை எடுத்துப் பார்த்த பிறகே வெளியே விடுவேன். இலை உதிர்கிற காலத்தை மட்டும் நான் வெகுநாள் மதித்ததில்லை. அதில் எடுக்க என்ன இருக்கிறது என்று லென்ஸ்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவேன்.

எந்தக் காலமானாலும் என் தொழிலில் முதலில் பார்ப்பது அடிவானத்தை. வானமும் பூமியும் சேருகிற அந்தக் கோடு இம்மி சாய்ந்தாலும் படம் போச்சு. கேமராவின் மேல் கொத்தனார் வைத்திருப்பாரே, அதுபோல ஒரு குட்டி ரசமட்டத்தை மாட்டியிருக்கிறேன். அதன் குமிழி நடுவில் வந்து நிற்காமல் பொத்தானை அமுக்க மாட்டேன். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நிமிர்த்தாமல் என்னால் உட்கார முடியாது. அக்கா எனக்கு வைத்திருக்கும் பெயரே ரசமட்டம்தான்.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் தேவைப்படாத குரல். இந்த உலகத்தில் அவள் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: சாத்திய அறை. முன்பு ஒருமுறை மின்சாரம் போய் லிப்டில் தனியாக மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து எத்தனை மாடியானாலும் படிக்கட்டுதான். குளியலறைக் கதவைக்கூட ஒருக்களித்து வைத்துவிட்டு, “யாராச்சும் இந்தப் பக்கம் வந்தீங்க, கொன்னுடுவேன்” என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

அப்படிப்பட்டவளுக்கு நெஞ்சுக்குள்ளே ஒரு கட்டி என்று போன வருஷம் தெரியவந்தது. ஆறு வாரம் ரேடியேஷன் கொடுத்தால் சுருக்கிவிடலாம் என்றார் டாக்டர். ஞாயிறும் சனியும் நீங்கலாகத் தினமும் போய், தடித்த கதவுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக, அசையாமல் படுத்திருக்க வேண்டும். அக்காவின் முகம் வெளுத்துப்போனது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு பெருமை. ஏனென்றால் அந்த அறையின் கூரையில் இருந்தது என் படம்.

படுத்திருப்பவர்கள் வெற்றுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்களே என்று அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் கூரையில் விளக்குப் பெட்டி பொருத்தி, என்னிடம் படம் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஏரி, அதன் பின்னால் மலை, மழைவிட்ட சாயங்கால வெளிச்சம். பரிசு வாங்கிய படம். என் வீட்டுக்காரர் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார்; அவரே பெரிய பிலிமில் அச்சடித்துக் கொடுத்தார். பொருத்துகிற அன்று நான் அறை வாசலில் நின்று, “இன்னும் கொஞ்சம் இடது பக்கம், ம், அவ்வளவுதான்” என்று நேர் பார்த்துவிட்டு வந்தேன்.

“பயப்படாம போ. மேல பாத்துக்கிட்டே இரு. நான் உன்கூட இருக்கிற மாதிரி” என்று அக்காவை உள்ளே அனுப்பினேன்.

போனவள் போன வேகத்தில் வெளியே வந்தாள். கையை ஆட்டினால் நிறுத்திவிடுவோம் என்று டெக்னீஷியன் சொல்லியிருந்தார். கதவைச் சாத்திய கையோடு ஆட்டிவிட்டாளாம்.

“ரசமட்டம், அந்தப் படத்தை எவடி எடுத்தது?”

“நான்தான்க்கா.”

“தெரியும். அதான் கேட்டேன். மலை நேரா என் மூஞ்சி மேல வருது. அதுக்கு மேல ஏரி தொங்குது. எப்பக் கவிழுமோன்னு நான் படுத்திருக்கேன். கதவையும் சாத்திட்டுப் போயிட்டாங்க.”

“அக்கா, அது பரிசு வாங்கின படம்!”

“பரிசு குடுத்தவனை வந்து படுக்கச் சொல்லு.”

எனக்கு வந்ததே கோபம்! பிடிச்ச முயலுக்கு மூணு கால் என்று நிற்கிற ஜென்மம், சாத்திய அறைக்குப் பயந்துகொண்டு என் படத்தின் மேல் பழி போடுகிறாள் என்று நினைத்தேன். அன்றைய நோயாளிகள் எல்லோரும் போன பிறகு, டெக்னீஷியனிடம் கேட்டுக்கொண்டு நானே அந்த மேஜையில் ஏறி மல்லாந்து படுத்தேன்.

அக்கா சொன்னது அத்தனையும் நிஜம். நான் வாசலில் நின்று நேர் பார்த்தேன் அல்லவா? வாசலில் நிற்பவளுக்கு அது நேர்தான். படுத்திருப்பவளுக்கோ தலைகீழ். சரி, திருப்பி மாட்டலாம் என்றால் அதுவும் உதவாது. நிற்கிறவர் கண்ணுக்கு அடிவானம் எதிரே இருக்கும். படுத்திருப்பவர் நெற்றிக்கு மேல் அதற்கு என்ன வேலை? ஏரியை யாராவது அண்ணாந்து பார்ப்பார்களா? குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஆயுசு முழுக்கப் பார்த்தவளுக்கு, பார்ப்பவர் நிற்கிறாரா படுத்திருக்கிறாரா என்று பார்க்கத் தோன்றவில்லை.

“மேடம், அழறீங்களா?” என்றார் டெக்னீஷியன்.

“சிரிக்கிறேன். இறக்கி விடுங்க” என்றேன்.

வீட்டுக்குப் போனால் அக்கா, இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். டாக்டர் போனில், “இதுல தள்ளிப்போடுறதுக்கே இடமில்லம்மா. திங்கக்கிழமை ஆரம்பிச்சே ஆகணும்” என்றார். அம்மா அப்பா போன பிறகு என்னை அதட்டுவதற்கென்று உலகத்தில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

“திங்கக்கிழமை வேற படம் இருக்கும். வந்து படு. பிடிக்கலைன்னா கையை ஆட்டு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்” என்றேன்.

“நீ வாயைத் திறக்காம இருப்பியா? அதுக்காகவாவது வர்றேன்” என்றாள்.

வாக்குக் கொடுத்துவிட்டுப் பெட்டி பெட்டியாகத் தேடினேன். என் படங்கள் ஒவ்வொன்றிலும் அடிவானம் நந்தி மாதிரி குறுக்கே படுத்திருந்தது. அண்ணாந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. புதிதாக எடுக்கலாம் என்றால் வெளியே இலை உதிர்காலம். நான் மதிக்காத காலம். நல்ல கூத்து.

பிரிண்டிங் கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு வாதுமை மரம் இருக்கிறது. வருஷக்கணக்காக அதன் கீழேதான் வண்டியை நிறுத்துகிறேன். கண்ணாடியில் இலை விழுகிறது என்று திட்டியதைத் தவிர அந்த மரத்தோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சனிக்கிழமை விடிந்ததும் கடையிலிருந்து வீணாய்ப்போன பிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கொண்டுவந்து மரத்தடியில் விரித்துப் படுத்தேன். யாரோ பல் டாக்டரின் விளம்பரம். பெரிய பெரிய பற்களின் மேல் மல்லாந்து கிடந்து மேலே பார்த்தேன்.

இலை எல்லாம் கொட்டி, சிவப்பாய் நாலைந்துதான் ஒட்டிக்கொண்டிருந்தன. குடைக் கம்பிகள் போலக் கிளைகள் தட்டுத் தட்டாக நாலாபக்கமும் விரிந்திருந்தன. நடுவில் வானம். எதுவும் தொங்கவில்லை, எதுவும் கவிழவில்லை. மேலே இருக்க வேண்டியது மேலே இருந்தது, அவ்வளவுதான். எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தாலும் மரம் மரமாகவே தெரிந்தது. கேமராவை மணல் பையின் மேல் மல்லாக்க வைத்தேன். ரசமட்டத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எந்த இடம் என்பது மறந்துவிடக் கூடாதென்று பையைச் சுற்றிச் சிமெண்டுத் தரையில் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் புதுப் படத்தைப் பார்த்த டெக்னீஷியன் தலையைச் சொறிந்தார்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. வர்றவங்க ஏற்கெனவே நொந்துபோய் வர்றாங்க. மொட்டை மரத்தையா காட்டுறது? ஏதாச்சும் பூ, பச்சைப் பசேல்னு புல்வெளி...”

“வெளியில பூ இருக்கா? இல்லைல்ல. இருக்கிறதைத்தான் எடுக்க முடியும். மாட்டுங்க.”

அக்கா உள்ளே போனாள். நான் வெளியே டெக்னீஷியன் பக்கத்தில் நின்று, அறைக்குள் நடப்பதைக் காட்டுகிற திரையைப் பார்த்தேன். தலைக்கு மேல் கைகளைத் தூக்கி ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். இயந்திரத்தின் தலை அவளைச் சுற்றி மெதுவாக வந்தது. என் உயிர் முழுக்க அவள் கையில் இருந்தது. கை ஆடவில்லை.

வெளியே வந்ததும் நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தால் அது என் தப்பு.

“மொட்டையா இருக்கு. இருந்தாலும் மேல விழாது. ஏண்டி, அந்தக் கிளை நுனியில எல்லாம் தடிப்பா என்னவோ இருக்கே, என்ன அது?”

“மொட்டுக்கா. இலை மொட்டு.”

“எப்ப விரியும்?”

“அடுத்த திங்கக்கிழமை வந்து பாரு” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. ஆனால் சொன்ன பிறகு விடுவேனா? வாராவாரம் அதே வட்டத்தில், அதே மணல் பையில், அதே விடியற்காலையில் படுத்து எடுத்தேன். வீட்டுக்காரர் அச்சடித்தார். ஆஸ்பத்திரியில் ஏணி போட்டு விளக்கு மாற்றுகிறவர், அந்த ஏணிக்காரர், கூரையில் மாட்டினார்.

ஒரு மரத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் அது ஓடுகிற ஓட்டம் தெரியும். இரண்டாவது வாரம் மொட்டுகள் மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து நின்றன. மூன்றாவது வாரம் கொத்துக் கொத்தாய்த் தளிர். வெளிச்சம் ஊடுருவுகிற பச்சை. இத்தனை வருஷம் இலை உதிர்காலத்தை ஒன்றுமில்லாதது என்று நினைத்திருந்தேன். மரம் அப்போதுதான் மும்முரமாய் வேலை செய்துகொண்டிருந்தது. மூன்றாவது வாரப் படத்தில் இன்னொன்றும் இருந்தது. நடுக்கிளையின் கவட்டில் ஒரு மணிப்புறா நாலு குச்சியை வைத்துக் கூடு கட்டத் தொடங்கியிருந்தது.

“அது கூடாடி? அடியிலேர்ந்து பாத்தா வானம் தெரியுது. உன் சமையல் மாதிரி ஏனோதானோன்னு கட்டியிருக்கு” என்றாள் அக்கா.

சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளில் அதன் பிறகு வேறு பேச்சே இல்லை. முன்பெல்லாம் ஆளுக்கொரு மூலையில் தலை குனிந்திருப்பார்கள். இப்போது பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றிப் பேசுவது போலப் புறாவைப் பற்றிப் பேசினார்கள். “குச்சி இன்னும் ரெண்டு வைக்கலாம்ல, சோம்பேறி” என்பார் ஓய்வு பெற்ற லாரி டிரைவர் ஒருவர். “ஆம்பளைப் புறா என்ன பண்ணுதாம்?” என்பாள் அக்கா. நாலாவது வாரம் குச்சிகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு முட்டை தெரிந்தது. டிரைவர் அந்த வரிசைக்கே கைகொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் அக்கா இளைத்துப் போயிருந்தாள். விழுங்கினால் தொண்டை எரிகிறது என்று சாப்பாட்டைத் தள்ளிவிடுவாள். பாதி தாண்டியிருந்த அந்த வாரம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், “நல்லா சுருங்கியிருக்கு, டீச்சர்” என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறியதும் என்னிடம் திரும்பினாள்.

“எல்லாரும் சேர்ந்து நல்லா நடிக்கிறீங்க.”

“நிஜமாவே சுருங்கியிருக்குக்கா. நீ ஸ்கேனைப் பாத்தியா இல்லையா?”

“கறுப்பும் வெள்ளையுமா என்னத்தையோ காட்டினாரு. எனக்கென்ன தெரியும்? நோயாளிகிட்ட எவன்டி உண்மையைச் சொல்றான்? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்க நீங்க. உன் வீட்டுக்காரர் என் கண்ணையே மாத்தினவராச்சே.”

அது பழைய வழக்கு. குடும்பமாக எடுத்த படம் ஒன்றில் அக்கா கண்ணை மூடிவிட்டாள். என் வீட்டுக்காரர் வேறொரு படத்திலிருந்து திறந்த கண்களை எடுத்து அதில் ஒட்டிவிட்டார். யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். அக்கா பார்த்த மாத்திரத்தில், “இந்த முழி அன்னிக்கு முழிச்ச முழி இல்ல” என்று சொல்லிவிட்டாள். அந்தப் படத்தை இன்று வரை அவள் வீட்டில் மாட்டவில்லை.

“பாதி தூரம் வந்தாச்சு, போதும்னு தோணுது” என்று அன்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் வண்டி ஓட்டினேன். எனக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பெருங்காற்று அடித்தது. விடியற்காலையில் கேமராவோடு போனால், நான் போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் நாலு குச்சியும் முட்டை ஓடும் கிடந்தன. புறாவைக் காணோம். அங்கேயே, பல் டாக்டர் பேனரின் மேல் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டே அழுதேன். பிறகு எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மணல் பையை வைத்துப் படம் எடுத்தேன். இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தன. நடுக்கிளையின் கவடு காலியாக இருந்தது.

வீட்டுக்காரர் திரையில் பார்த்தார். “போன வாரத்துக் கூட்டை எடுத்து இதுல வச்சிடலாமா? ஒரு நிமிஷ வேலை” என்றார்.

“கை வைக்காதீங்க.”

“ஏம்மா, அவங்க இருக்கிற நிலைமையில காலிக் கிளையைக் காட்டுவியா? ஏற்கெனவே வரமாட்டேங்கிறாங்க. இதைப் பாத்துட்டுப் பாதியில எந்திரிச்சு வந்துட்டா யாரு பொறுப்பு?”

“நான் பொறுப்பு.”

“உனக்கு உன் படம்தான் பெருசு.”

சுருக்கென்று தைத்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்காவின் மேல் எனக்குச் சளைக்காத பாசம் அவருக்கும் உண்டு. ஆனாலும் நான் மசியவில்லை. “எடுத்ததை அப்படியே அச்சடிங்க. இல்லைன்னா வேற கடைக்குப் போறேன்” என்றேன். அச்சடித்தார்.

திங்கட்கிழமை ஏணிக்காரர் மாட்டி முடித்ததும் டெக்னீஷியன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஐயய்யோ” என்றார். வரிசையில் முதல் ஆள் அக்காதான். வரும்போதே முகம் சரியில்லை. நேரே உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள்.

திரையில் அக்கா தெரிந்தாள். தூக்கிய கைகள், பிடியைப் பற்றிய விரல்கள். இயந்திரத்தின் தலை முதலில் அவள் முகத்துக்கு நேரே நின்றது. அதனால் அவளுக்குப் படம் இன்னும் தெரிந்திருக்காது. பிறகு அது நகர்ந்தது. விலகியது. டெக்னீஷியன் நிறுத்துகிற பொத்தானுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். அக்காவின் விரல்கள் பிடியை விட்டு விரிந்தன.

“மேடம்...” என்றார்.

“பொறுங்க” என்றேன்.

விரிந்த விரல்கள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக மடங்கி, பிடியைத் திரும்பப் பற்றிக்கொண்டன. இயந்திரம் ஒரு சுற்று முடித்து மறுசுற்றும் வந்தது. கை ஆடவே இல்லை.

வெளியே வந்தவள் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“கூடு எங்கடி?”

“விழுந்துடுச்சுக்கா. காத்துல.”

“முட்டை?”

“உடைஞ்சிடுச்சு.”

“பாவம்” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொள்ளவில்லை. வாசல் பக்கம் நின்றிருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். “ஒட்டலாம்னு இவர் சொல்லியிருப்பாரே?”

அவர் தரையைப் பார்த்தார்.

“சொன்னாரு. நான் விடல” என்றேன்.

“ஒட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“தெரியும்க்கா.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அப்போ அந்த ஸ்கேன்ல சுருங்கியிருக்குன்னு நீ சொன்னதும் நிஜம்தான்.”

“நிஜம்தான்க்கா.”

எழுந்து, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, விளையாட்டு மைதானத்துக் குரலில் சொன்னாள்.

“அப்புறம் ஏன் ரெண்டு பேரும் எழவு வீட்டு முகத்தோட நிக்கிறீங்க? வண்டியை எடுங்க. எனக்குப் பசிக்குது.”